நன்மைக்கு ஒரு பட்டியல், தீமைக்கு ஒரு பட்டியல் வேண்டாம்: கணினிப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கணினிப் பாடநூல்களை எழுதுகிற, அவற்றை வகுப்பில் நடத்துகிற ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நெட்வொர்க் வேலை பார்ப்பவன் நான். கூரைப் பலகைகளுக்கு மேலே தவழ்ந்து கேபிள் இழுத்த நாளிலிருந்து இன்றுவரை இதுதான் என் பிழைப்பு. இந்த வேலையை எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன், படிப்பை முடித்த கையோடு ஒரு பெண் எங்களிடம் பயிற்சிக்கு வந்தார். நல்ல கெட்டிக்காரர். நெட்வொர்க் வேலையை ஏழு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியைத் தட்டுத்தடுமாறாமல் சொன்னார். கணினிகளை இணைக்கும் பஸ், ஸ்டார், ரிங், மெஷ் என்ற நான்கு அமைப்புகளையும் அழகாக வரைந்து காட்டினார். மூன்றாம் நாள், "அந்த மூலை மேசையில் நெட் வரவில்லையாம், என்னவென்று பாருங்கள்" என்று அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், முகம் வாடி உட்கார்ந்திருக்கிறார். திரையில் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கணினியை அடையாளம் காட்டும் எண், தெரிகிறது. 169.254 என்று தொடங்குகிறது. "முகவரி இருக்கிறதே சார், அப்புறம் ஏன் வேலை செய்யவில்லை?" என்று கேட்டார்.

விடையே அந்த எண்தான். ஒரு கணினி நெட்வொர்க்கில் சேரும்போது, "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று கேட்கும். கொடுக்க வேண்டிய டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால், 169.254 என்று தொடங்கும் ஏதோ ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். "கேட்டுப் பார்த்தேன், யாரும் பதில் சொல்லவில்லை" என்பதுதான் அதற்குப் பொருள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தோம். ஒரு சின்ன சுவிட்ச், அதாவது பல கணினிகளின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி. அதிலிருந்து சுவருக்குப் போகும் கேபிள் கழன்று கிடந்தது. 'டிக்' என்று செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது, முகவரி மாறியது, நெட் வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

குறை அவருடையது அல்ல. அவர் படித்த பாடநூலை வாங்கிப் பார்த்தேன். 'கணினி வலையமைப்பு' என்ற அத்தியாயம் ஒரு வரையறையோடு தொடங்குகிறது. அப்புறம் பரப்பைப் பொறுத்து லேன், மேன், வேன் என்று வகைகள். அப்புறம் கணினிகள் இணைந்திருக்கும் அமைப்பைக் காட்டும் இடவியல் படங்கள். கடைசியில் இரண்டு பட்டியல்கள்: நன்மைகள், தீமைகள். கோப்புகளைப் பகிரலாம், அச்சுப்பொறியைப் பகிரலாம், செலவு மிச்சம். இந்தப் பக்கம், வைரஸ் பரவும், சர்வர் பழுதானால் எல்லாம் நிற்கும், பராமரிக்க ஆள் வேண்டும். ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் ஒன்றோடு ஒன்றுக்கு என்ன தொடர்பு என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. மாணவர் இரண்டையும் மனப்பாடம் செய்கிறார், தேர்வில் எழுதுகிறார், மறந்துபோகிறார்.

இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான். அந்த இரண்டு பட்டியல்களையும் எடுத்துவிடுங்கள். நெட்வொர்க்கின் எந்தக் குணம் நன்மையைத் தருகிறதோ அதே குணம்தான் தீமைக்கும் வழிவிடுகிறது. அதை மாணவர் தாமாகவே கண்டுபிடிக்கும்படி அத்தியாயத்தை எழுதுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? பொதியிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். பாக்கெட் என்று நாங்கள் நாள் முழுக்கச் சொல்வது இதைத்தான். நீங்கள் அனுப்பும் படமோ கடிதமோ முழுசாகப் போவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக உடைகிறது. அலுவலகங்களில் கேபிள் வழியாகக் கணினிகளை இணைக்கும் சாதாரண ஈத்தர்நெட் முறையில் ஒரு துண்டு 1500 பைட்டுக்கு மேல் போகாது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி. வழியில் இருக்கும் ஒவ்வொரு ரௌட்டரும் முகவரியைப் பார்த்து, "இது அந்தப் பக்கம்" என்று அடுத்த ரௌட்டரிடம் தள்ளிவிடுகிறது. முழு வழியும் தெரிந்தவர் நடுவில் யாருமே இல்லை. அடுத்த அடி மட்டும்தான் தெரியும். அப்படியும் பொதி உலகின் மறுகோடிக்குப் போய்ச் சேர்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த யோசனை 1960களில் பிறந்தது. அமெரிக்காவில் பால் பேரன், பிரிட்டனில் டொனால்ட் டேவிஸ், இரண்டு பேரும் தனித்தனியாகவே இதற்கு வந்து சேர்ந்தார்கள். பாக்கெட் என்ற பெயர் டேவிஸ் வைத்தது. அதற்கு முன்பு தொலைபேசி முறைதான்: இருவர் பேச வேண்டுமென்றால், பேசி முடியும்வரை ஒரு முழுத் தடத்தையே அவர்களுக்கென ஒதுக்கிவைக்க வேண்டும். பொதி முறையில் தடம் எல்லாருக்கும் பொது. ஒரு வழி அறுந்தால் வேறு வழியில் போகலாம். 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலஸில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்துக் கணினிக்கு 'லாகின்' என்ற சொல்லை அடிக்கத் தொடங்கினார்கள். எல், ஓ என்ற இரண்டு எழுத்துகள் போனதும் அந்தப் பக்கத்துக் கணினி முடங்கிப்போனது. சரிசெய்து, சுமார் ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் இணைந்தார்கள். இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் முதல் செய்தி அந்த இரண்டு எழுத்துகள்தான். ஒரு மாணவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், மறக்கவே மாட்டார்.

தடம் பொது என்றேன் அல்லவா? அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே நன்மையும் தீமையும் இருக்கின்றன. 1986 அக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் வெறும் 400 கஜம். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. எதுவும் உடையவில்லை, எந்தக் கம்பியும் அறுபடவில்லை. நெரிசலில் பொதிகள் தொலைந்தன. தொலைந்ததை ஒவ்வொரு கணினியும் திரும்ப அனுப்பியது. அதனால் நெரிசல் இன்னும் கூடியது, இன்னும் தொலைந்தன, இன்னும் திரும்ப அனுப்பின. ஒவ்வொரு கணினியும் தன் கடமையைத்தான் செய்தது, எல்லாம் சேர்ந்து வழியை அடைத்துவிட்டன. வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் அதை ஆராய்ந்து ஒரு வழி சொன்னார்: முதலில் மெதுவாகத் தொடங்கு, பொதி தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறை. இன்றைக்கும் உங்கள் கணினியிலும் கைபேசியிலும் பொதிகளைப் பரிமாறிக்கொள்வதற்கான விதியான டிசிபி என்ற நெறிமுறை இந்தப் பண்போடுதான் நடந்துகொள்கிறது. மற்றவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கணினிகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பாடநூலில் 'தீமைகள்: நெரிசல்' என்று இரண்டு சொல்லில் கடந்துபோகிற விஷயமா இது?

இடவியல் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பஸ் அமைப்பில், நீளமான ஒரே கேபிளில் எல்லாக் கணினிகளும் தொங்கும். முனையில் இருக்கும் குமிழைக் கழற்றினால் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும். அது வழக்கொழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ரிங்கும் அலுவலகங்களிலிருந்து போய்விட்டது. வரலாறாக ஒரு பத்தி போதும். அந்தப் பக்கங்களைச் சுவிட்சுக்குக் கொடுங்கள்.

சுவிட்ச் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு நாள் காலை, நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தில் எல்லாமே ஒரே நேரத்தில் நின்றது. ஓடிப்போய் சர்வர் அறையைத் திறந்தேன். சுவிட்ச் விளக்குகள் வழக்கமாக ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு மினுக்கும். அன்றைக்கு அத்தனை விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறி பிடித்ததுபோல அடித்துக்கொண்டிருந்தன. பார்த்ததுமே தெரிந்தது, எங்கேயோ லூப், அதாவது கேபிள் சுற்றிவந்து சேர்ந்த வளையம். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசியில் ஒரு கூட்ட அறையின் மேசைக்கு அடியில், சின்ன சுவிட்ச் ஒன்றில், ஒரே கேபிளின் இரண்டு முனைகளும் செருகியிருந்தன. தரையில் ஒரு முனை தொங்குகிறதே, காலில் தட்டுமே என்று யாரோ நல்ல எண்ணத்தில் காலியாக இருந்த துளையில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்.

என்ன நடந்தது என்றால், நெட்வொர்க்கில் சில செய்திகள் எல்லாருக்குமாகப் போகும். "இந்த ஐபி முகவரி யாருடையது?" என்று ஒரு கணினி கூவினால், சுவிட்ச் அதை வந்த துளையைத் தவிர எல்லாத் துளைகளிலும் அனுப்பும். லூப் இருந்தால் அந்தக் கூவல் ஒரு வழியாகப் போய் இன்னொரு வழியாகத் திரும்பி வரும். சுவிட்ச் அதைப் புதுச் செய்தி என்று நினைத்து மறுபடியும் எல்லாத் துளைகளிலும் அனுப்பும். ஐபி பொதிக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யம் ஆனதும் பொதி கைவிடப்படும். ஆனால் சுவிட்சுகளுக்கு இடையே பொதியைச் சுமந்துபோகும் ஈத்தர்நெட் சட்டகத்துக்கு அந்த ஆயுள் எண் கிடையாது. அது சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றச் சுற்றப் பெருகும். இதற்கு மருந்தாக ராடியா பெர்ல்மன் 1985-இல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி, சுற்று உண்டாகும் இடத்தில் ஒரு வழியைத் தாங்களே அடைத்துவைக்கும். ஸ்பேனிங் ட்ரீ என்று பெயர். அன்றைக்கு அந்தச் சின்ன சுவிட்சில் அந்த வசதி இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். யார் வேண்டுமானாலும், எந்தத் துளையில் வேண்டுமானாலும் செருகினால் வேலை செய்யும். ஈத்தர்நெட் உலகம் முழுக்கப் பரவியதற்கு இந்த எளிமை ஒரு பெரிய காரணம். அன்றைக்கு அந்த அலுவலகம் நின்றதற்கும் காரணம் இதே எளிமைதான். இதை எந்தப் பட்டியலில் எழுதுவீர்கள்?

கோப்புப் பகிர்வையே எடுத்துக்கொள்வோம். எல்லாப் பாடநூலிலும் முதல் நன்மை அதுதான். 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற தீநிரல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகளையே தள்ளிவைக்க வேண்டிவந்தது. அது பரவ யாரும் எதையும் அழுத்தத் தேவையில்லை. விண்டோஸில் கோப்புகளைப் பகிர்வதற்காக இருந்த எஸ்எம்பி என்ற வசதியின் ஓட்டை வழியாக, ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தானே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பலர் அதை நிறுவவில்லை. உங்கள் முதல் நன்மையும் முதல் தீமையும் ஒரே கதவின் வழியாகத்தான் வந்துபோகின்றன. மாணவருக்கு இது புரிந்துவிட்டால், "திருத்தங்களை உடனே நிறுவு, தேவையில்லாத பகிர்வை மூடிவை" என்று யாரும் தனியாக உபதேசிக்க வேண்டாம்.

நம்பிக்கையும் இப்படித்தான். தொடக்ககால நெறிமுறைகளை எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். கணினி சொல்வதை அடுத்த கணினி நம்பும். 1980 அக்டோபர் 27 அன்று ஆர்ப்பாநெட் மொத்தமும் சில மணி நேரம் செயலற்றுப்போனது. யாரும் தாக்கவில்லை. ஒரு கருவியின் வன்பொருள் பழுதால் ஒரு நிலைச் செய்தியில் சில பிட்டுகள் தொலைந்தன. அந்தக் கெட்ட செய்தியை அடுத்தது நம்பி அடுத்ததற்குச் சொன்னது, அது அதற்கடுத்ததற்குச் சொன்னது. வழியைக் காட்டும் செய்திகளே வழியை அடைத்தன. "இந்த முகவரி யாருடையது?" என்று கூவினால் யார் வேண்டுமானாலும் "என்னுடையது" என்று பொய் சொல்லலாம் என்ற நிலைமை இன்றைக்கும் உள்நெட்வொர்க்குகளில் இருக்கிறது, அதற்கென்று தனியாகக் காவல் வைக்காவிட்டால்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதும் அப்படித்தான். 2021 அக்டோபர் 4 அன்று பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளையால் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் இணையத்திலிருந்தே மறைந்துபோயின. சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களின் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பித்தான் இருந்தன. பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவி. 'சர்வர் பழுதானால் எல்லாம் நிற்கும்' என்ற அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பாடநூல்களில் நான் எங்கேயும் காணாத ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனம் வராது. நெட்வொர்க்கின் நடுவில் உட்கார்ந்திருப்பவரால் என்னென்ன பார்க்க முடியும் என்பதுதான் அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பழுதைக் கண்டுபிடிப்பதற்காகப் பொதிகளைப் பிடித்துத் திரையில் ஓடவிட்டிருந்தேன். அப்போதெல்லாம் பெரும்பாலானவை குறியாக்கம் இல்லாமல், அதாவது மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றாமல், அப்படியே போகும். யாரோ ஒருவர் வீட்டுக்கு எழுதிய மின்னஞ்சலின் வரிகள் என் கண்ணெதிரே ஓடின. உடல்நிலை பற்றிய கடிதம். உடனே நிறுத்திவிட்டேன். ஆனாலும் இரண்டு வரி படித்தாகிவிட்டது. அன்றைக்கு வந்த கூச்சம் இன்றும் போகவில்லை. இப்போது பெரும்பாலான தளங்கள் குறியாக்கம் செய்கின்றன, உள்ளடக்கம் தெரியாது. ஆனால் எந்தத் தளத்துக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பது பல இடங்களில் இன்னும் தெரியும். நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர்கள் உங்கள் மாணவர்கள். பார்க்க முடிகிறது என்பதற்காகப் பார்த்துவிடக் கூடாது என்பதை அவர்களுக்கு யார் சொல்லித்தருவது? தயவுசெய்து ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

செய்முறைக்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. இரண்டு கணினி, ஒரு சுவிட்ச், கொஞ்சம் கேபிள், கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் ஒரு கிரிம்பிங் கருவி போதும். மாணவர்களே கேபிள் முனையைக் கட்டட்டும். எட்டு கம்பிகள், நான்கு ஜோடிகள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. "பச்சை ஜோடிக்கு நடுவில் ஏன் நீலம் வருகிறது சார்?" என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். அவரையே நிறங்களைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கச் சொல்லுங்கள், இரண்டு முனையிலும் ஒரே மாதிரி. சாதாரண சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் எரியும். ஆனால் நீளமான கேபிளாக இருந்தால் இணைப்பு தடுமாறும், வேகம் வராது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளில்தான் ஒன்றின் இரைச்சலை மற்றது தணிக்கும். ஜோடி பிரிந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். எட்டு விளக்கும் எரிந்தும் வேலை செய்யாத ஒரு கேபிளைக் கையில் வைத்திருக்கும் மாணவர் அன்றைக்குக் கற்றுக்கொள்வது எந்தப் படத்திலும் கிடைக்காது.

அடுத்து, பழுது பார்க்கும் வரிசை. விளக்கு எரிகிறதா? முகவரி வந்திருக்கிறதா, அது 169.254-ஆ? பக்கத்து ரௌட்டருக்குப் பிங் போகிறதா, அதாவது "இருக்கிறாயா?" என்ற கேள்விக்குப் பதில் வருகிறதா? வெளியே ஒரு எண்ணுக்குப் போகிறதா? எண்ணுக்குப் போய், பெயருக்குப் போகவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ்-இல் கோளாறு. ஓஎஸ்ஐ அடுக்குகளில் பாதி இந்த ஐந்து கேள்விகளுக்குள் வந்துவிடும், மனப்பாடம் இல்லாமலே. பொதி போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையை ஓடவிட்டு, தன் பொதி எத்தனை ரௌட்டர்களைத் தாண்டிப் போகிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

கலைச்சொற்கள் பற்றியும் ஒரு வார்த்தை. திசைவி, நிலைமாற்றி என்று நூலில் இருப்பது நல்லதுதான், இருக்கட்டும். ஆனால் வேலைக்கு வந்த இடத்தில் ரௌட்டர், சுவிட்ச் என்றுதான் பேசுவார்கள். முதல்முறை வரும்போது இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். நன்றாகத் தமிழ்வழி படித்த பிள்ளைகள், தெரிந்த பொருளையே தெரியாததுபோல் விழித்து நிற்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

தேர்வு வினாவையும் மாற்றுங்கள். 'வலையமைப்பின் ஐந்து நன்மைகளை எழுதுக' என்பதற்குப் பதிலாக, 'ஓர் அலுவலகத்தின் எல்லாக் கோப்புகளும் ஒரே சர்வரில் இருக்கின்றன. இதனால் எப்போது நல்லது, எப்போது கெட்டது, கெட்டதைக் குறைக்க என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். விடை திருத்துவது உங்களுக்குக் கடினம்தான், அது எனக்குத் தெரியும். ஒரே மாதிரியான விடைகள் வராது.

அடுத்த பதிப்புக்கான வேலை தொடங்கும்போது, களத்தில் வேலை செய்கிற இரண்டு பேரையாவது கூப்பிட்டு அந்த அத்தியாயத்தைப் படிக்கக் கொடுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன். ஒரு பழைய சுவிட்சும் ஒரு கேபிளும் எடுத்துவருவேன். அதன் இரண்டு முனைகளையும் செருகி, விளக்குகள் என்ன செய்கின்றன என்று உங்கள் முன்னாலேயே காட்டுகிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
ஒரு நெட்வொர்க் பணியாளர்